நாலு விரல் தாராளம்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து. என் சமையலறைக்கும் தங்கபுஷ்பத்தின் முன்னறைக்கும் நடுவே மூன்றடிச் சந்துதான். தி. நகரில் இவ்வளவு நெருக்கி வீடு கட்டியவனைக் குற்றம் சொல்லுங்கள். என் காதைச் சொல்லாதீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் அய்யாதுரையின் இதயம்

அடித்துவிட்டேன். இதயம் என்றால் காதல் கதை என்று உட்கார்ந்துவிடுவீர்கள்.

2

அய்யாதுரை, தங்கபுஷ்பத்தின் புருஷன். திருநெல்வேலிக்காரர், உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. இதயம் தானாகச் சரியாகத் துடிக்காததால் தோளுக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்திருந்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் சாந்தோம் பெண் பியாட்ரிஸ், தாளில் துடிப்புக்குத் துடிப்பு எத்தனை கட்டம் என்று எண்ணிச் சொல்வாள். டாக்டர் அவர் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். எண்பதில் படபடப்பு, அறுபத்தைந்தில் தலைசுற்றல். எழுபதில் நிறுத்தினார்கள். (நானும் துணைக்குப் போயிருந்தேன். எங்கேதான் போகவில்லை?)

“தினம் காலைல நாடியை ஒரு நிமிஷம் எண்ணி நோட்டுல எழுதுங்க ஆன்ட்டி,” என்றாள் பியாட்ரிஸ். “மூணு கொறஞ்சாலே பேட்டரி தீருதுன்னு அர்த்தம். அன்னிக்கே அழைச்சிட்டு வந்துடணும்.”

ரேடியோவில் ஏழேகால் செய்தி முடிந்ததும் தங்கபுஷ்பம் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, வாய்விட்டு எண்ணுவாள். அவள் எழுபது சொன்னதும் நான் இட்லியை இறக்குவேன்.

3

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எண்ணிக்கை அறுபத்தாறில் நின்றது.

“ஏங்க, நாலு கொறையுது.”

“கொறையாது. திரும்ப எண்ணு.”

திரும்பவும் அறுபத்தாறு.

“எழுபதுன்னு போடு புஷ்பம். நம்ம கடையில மீட்டருக்கு நாலு விரல் கூட விட்டுத்தான கிழிக்கோம்? என்னைக்காவது அத யோசிச்சிருக்கமா? இப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கப் போட்டுருவான். தீபாவளி யாவாரத்த உங்க ஐயாவா வந்து பாப்பாரு?”

இருபது வருஷமாக அந்தக் கை கிழித்த துணி ஒரு தடவைகூட அளவு குறைந்ததில்லை. அதே கையைப் பிடித்துக்கொண்டு குறைவு என்று எழுத அவளுக்கு வரவில்லை. எழுபது என்று போட்டாள்.

[அவள் மனசு உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது. பயந்தவளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. புருஷன் பேச்சைத் தட்டாதவளாக எழுதினேன். என் ஜன்னலே சிரித்தது. தாராளக்காரி என்று எழுதியபோதுதான் அவள் முகம் வந்தது.]

4

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். அவர் கடைக்குப் போய்விட்டார்.

“தல கிறுகிறுங்குன்னு வேற சொல்லுதாவ. நோட்டையாவது காட்டிட்டு வாங்கக்கா,” என்று தங்கபுஷ்பம் என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

வழியிலேயே பிரித்தேன்.* எழுபது, எழுபது, எழுபது. நான் காதால் கேட்டதோ அறுபத்தாறு, அறுபத்தைந்து. சிரிப்புத் தாங்கவில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக் கபாலியிடம் சொன்னேன்.

“இன்னாம்மா, நாடியிலகூட நாலு விரல் சேத்து குட்த்துகினு கீறாரா?” என்று அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான்.

பால் டிப்போவில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் சொன்னேன், அவள் யாரென்றே தெரியாது.

பியாட்ரிஸ் நோட்டைப் பழைய ஈ.சி.ஜி. தாளோடு வைத்துப் பார்த்தாள். “எழுபதே ஓடுதே அக்கா. மிஷின்ல கோளாறில்ல. தலைசுத்தல் தூக்கம் பத்தாம இருக்கும். தீபாவளி கழிச்சு அழைச்சிட்டு வாங்க.” நிமிர்ந்தாள். “வேற ஏதாவது சொல்லணுமா?”

ஊரெல்லாம் சொன்னவள் அங்கே வாயை மூடிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாதாம். ஆயுசில் அன்றைக்கு ஒருநாள் எனக்கு நாகரிகம் வந்தது.

* பிரிக்காமல் கொண்டுபோனதாக எழுதினால் கௌரவமாக இருக்கும். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

5

முதல் முடிவு: கடையில் மயங்கி விழுகிறார். புதுப் பேட்டரி வைக்கிறார்கள். எழுந்துவந்து சந்தில் நின்று என்னைத் திட்டுகிறார். இதை நாலு விதமாக எழுதினேன். நாலிலும் திட்டு பிரமாதம்.

இரண்டாவது: தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், யாருக்கோ பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தவர், நாலு விரல் தள்ளிக் கத்திரியை வைத்து

இதை முடிக்கமாட்டேன். இது நடந்தது.

காரியம் முடிந்த பிறகு தங்கபுஷ்பம் ஜன்னலண்டை வந்தாள். “நோட்டப் பாத்துட்டு அந்தப் பிள்ள ஒண்ணும் கேக்கலியாக்கா?”

“கேக்கலம்மா,” என்றேன்.

மூன்றாவது முடிவை உங்களிடம் விடுகிறேன். நோட்டு மேஜைமேல் இருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள். பியாட்ரிஸ் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் ஆரம்பிக்கிறேன், மீதியை நீங்கள் சொல்லிவிடுங்கள், யார் வீட்டு விஷயமானாலும் சரி:

“பியாட்ரிஸ், அந்த நோட்டுல இருக்கறது