மூச்சு விட்ட வீடு

மழைக்காலத்துக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், தையல்காரியின் வீடு மூச்சுவிடத் தொடங்கியது. சுவர்கள் அரை விரற்கடை உப்பின, பிறகு தணிந்தன. எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர் வாசலில் பல் குத்திக்கொண்டே இதைப் பார்த்தார். வெயில் அதிகம், சுவர் விரியத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதற்கு முன் ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டில் மூச்சுக்குத்தான் பஞ்சம். தையல்காரியின் கணவர் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் அறுத்த கல்லெல்லாம் ஊரார் வீட்டுத் தரையாயிற்று; தூள் மட்டும் அவருடைய நுரையீரலில் தங்கிவிட்டது. இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அவரை ஓர் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பியது. இடுப்புயரப் பெட்டி, ராப்பகலாக ஓட வேண்டும். அது அவருக்குக் காற்றைக் கொடுத்தது, கரண்டைக் குடித்தது. முதல் பில் வந்தபோது, தெருவுக்கே பொதுவாக வந்த பில்லோ என்று தையல்காரி அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். இரண்டாவதற்குக் கம்மல் போயிற்று. மூன்றாவது கெடு தாண்டியதும் மின்சார அலுவலகத்து ஆள் வந்து, அடுத்த தடவை ஃபியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கரண்டு போகும் வழியெல்லாம் அவள் மோப்பம் பிடித்து அலைந்தாள். அணைத்த டிவியின் சிவப்புப் புள்ளிகூட மின்சாரம் தின்னும் என்று கேள்விப்பட்டு, பிளக்குகளைப் பிடுங்கினாள். குண்டு பல்புகளைக் கழற்றினாள். தையல் மெஷினின் மோட்டாரை விற்றுவிட்டுக் காலால் மிதித்தாள். மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, வெளிச்சம் போனதும் ஊசியைக் கீழே வைத்தாள். ஃபிரிஜ் கதவின் ரப்பர் பிய்ந்து குளிர் ஒழுகுவதைக் கண்டுபிடித்து மாற்றினாள். பிறகு உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல் போகவே, அதையும் அணைத்துவிட்டுத் துணி அடுக்கிக்கொண்டாள். மொட்டை மாடிக்குத் தானே மூன்று கை சுண்ணாம்பு அடித்தாள். வீடு குளிர்ந்தது, மின்விசிறி நின்றது. குளிர் நாட்களில் அவருக்கு அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹீட்டருக்கு ஏது வழி? கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், சுவர் விரிசல், எறும்பு போகும் ஓட்டை என்று ஒன்று விடாமல் வெட்டுத்துணியால் இறுக்கி அடைத்தாள்.

புருஷனைப் பிரிந்து வந்து தம்பி வீட்டில் இருந்த நாத்தனாரைத் தெருவே ரேடியோ என்றுதான் கூப்பிடும். டிவி பிளக்கைப் பிடுங்கிய அன்று ரேடியோ வாயே திறக்கவில்லை. வீடே பயந்துவிட்டது.

“கோவமா அண்ணி?” என்றாள் தையல்காரி.

“அதுல என்ன இருக்கு? எந்நேரமும் யாராவது அழுதுக்கிட்டு இருப்பாங்க. அதை இங்கேயே பார்த்துக்கலாம்.”

இவ்வளவு செய்தும் பில் அசைந்து கொடுக்கவில்லை. குடிப்பது மெஷின், மற்றதெல்லாம் கொசுறு. ஒரு நாள் கணவர் குழாயை மூக்கிலிருந்து விலக்கிக்கொண்டு சொன்னார்: “எல்லாத்தையும் அணைச்சிட்டே. இன்னும் அணைக்க ஒண்ணுதான் பாக்கி.”

“பேசாதீங்க. பேசினா மூச்சு செலவாகும்” என்று சொல்லிவிட்டு அவள் பின்கட்டுக்குப் போய், வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கணக்கை அவளும் ஒருமுறை மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். ரேடியோ தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். தையல்காரி தெருமுனைக்கு வந்தபோது மெஷினின் ரீங்காரம் கேட்கவில்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அடைத்த துணி கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள். சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார் அவர். சுவிட்சுக்குப் பாய்ந்த அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

“செத்துடலாம்னுதான் அணைச்சேன். முடியலை. இங்கே கையை வை.”

சுவர் உப்பியது, அவர் நெஞ்சும் அதோடு உயர்ந்தது. சுவர் தணிந்தது, நெஞ்சும் தணிந்தது. அவள் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவரை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். பிறகு அதே கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் பார்த்தீங்களே” என்று விம்மினாள்.

அவள் எளிதில் நம்பிவிடவில்லை. பல நாட்கள் மெஷினை அணைப்பதும், சுவிட்சிலேயே விரலை வைத்துக்கொண்டு அவர் உதட்டின் நிறத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை முதலில் அவர் முதுகிலும் பிறகு சுவரிலும் வைத்தார். “இடது பக்கம் லேசா இரைச்சல் இருக்கு, ஓதம் படாம பார்த்துக்கங்க” என்றார், சுவரைக் காட்டி. ஃபீஸ் ஒருவருக்குத்தான் வாங்கினார். பில் ஒரேயடியாக இறங்கியதால் திருட்டுக் கரண்டு என்று சந்தேகப்பட்டு அலுவலகத்து ஆட்கள் வந்து கம்பியெல்லாம் தடவிப் பார்த்தார்கள். களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்த அதிகாரியை வீடு மெல்ல முன்னால் தள்ளியது. அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு, மீட்டரில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வாசற்படியைத் தாண்டினால் கணவரின் உதடு நீலம் பாரிக்கும். அதனால் அவர் உள்ளேயே இருந்து பட்டன் தைத்தார். மழை அதிகமான வருஷங்களில் வீடு இருமும், காரை உதிரும். மனைவியும் அக்காளும் பூசிவிடுவார்கள். இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிற்று. ஒரு மத்தியானம், பட்டனுக்கு நூல் கோத்தவாக்கில், அவர் போய்ச் சேர்ந்தார்.

வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுவர்கள் உப்பியபடி நின்றன. நிலைக்கதவு நெரிந்தது, கூரையிலிருந்து விரிசல் கீழே இறங்கியது. தெரு கூடிவிட்டது. வெளியே வா, இடிஞ்சிடப் போகுது என்று ரேடியோ வாசலிலிருந்து கத்தினாள். தையல்காரி வரவில்லை. அவரைக் கிடத்திவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தேற்றுவதுபோலத் தடவினாள்.

“விட்டுடு. அவர் போயிட்டார். உன்னால முடிஞ்சதை நீ செஞ்சே. விட்டுடு.”

வெகுநேரம் கழித்து வீடு விட்டது. அந்தக் காற்றில் வாசலில் நின்றவர்களின் உடைகள் படபடத்தன. இரும்புக்கடைக்காரரின் துண்டு பறந்து போயிற்று. பிறகு சுவர், மிக மெதுவாக, மறுபடி உப்பியது.

“இன்னும் யாருக்காக இழுக்குதாம் இது?” என்றாள் ரேடியோ, மூக்கைச் சிந்திக்கொண்டு.

“தனக்காகத்தான் அண்ணி. அதுவும் இருக்கணுமில்ல” என்றாள் தையல்காரி. பின் வாளியை எடுத்துக்கொண்டு, விரிசலுக்குப் பூச மணல் கேட்க எதிர்வீட்டுக்குப் போனாள்.