துணியில் கட்ட எதுவுமில்லை

அப்பாவின் எலும்புகளைக் கட்டுவதற்கென்று தேவானந்தம் வாங்கி வந்த வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் கையிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பாருங்க தயாளன்."

"எவ்ளோ சார் பாக்கறது? தண்ணியே ஊறிகினு கீது. பல்லுகூட இல்ல," என்றார் குழிக்குள் நின்றிருந்த தயாளன்.

தாம்பரத்தை ஒட்டிய அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடைப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. முன்பு போனவரின் எலும்புகளைத் துணியில் முடிந்து, அடுத்து வருபவரின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். அம்மா சரோஜினி கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "அப்பாகூடவே என்னை வைங்கடா. வேற எங்கயும் வேணாம்." இப்போது அவள் சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தாள். சாயங்காலம் அடக்கம்.

"யாராவது தோண்டி எடுத்திருப்பாங்களா?"

"எலும்பைத் தூக்கினு போய் இன்னா சார் பண்ணுவாங்க?"

"அப்ப இது வேற குழியா?"

தயாளன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "வெள்ளத்துல இந்த வரிசைக் கல்லு எல்லாம் சாஞ்சுபோச்சு சார். அப்பால நட்டாங்க. மாத்தி நட்டுட்டாங்களோ இன்னாவோ. இல்ல, மண்ணே தின்னுட்ச்சோ. தண்ணி நிக்கிற எடம்."

தேவானந்தம் பக்கத்துக் கல்லறையின் சிமெண்டு மேட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும், ஆண்டவரின் கல்லறை காலியாக இருந்தது எப்படி என்று சபை வாலிபர்களுக்கு அவர்தான் பேசுவார். உடலைச் சீஷர்கள் திருடியிருந்தால்? தாங்களே கட்டிய பொய்க்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா? பெண்கள் வேறு கல்லறைக்குப் போயிருந்தால்? பிரியமானவரை வைத்த இடம் மறந்துபோகுமா? பேச்சில் இந்த இடம் வரும்போது எப்போதும் லேசாகச் சிரித்துக்கொள்வார்.

திருட்டு, தவறான குழி. இரண்டையும் சற்றுமுன் அவரே கேட்டுவிட்டார். அப்பா எழுந்து போயிருப்பார் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மரித்தவர்கள் எழும் கடைசி நாள் இன்னும் வரவில்லையே, எப்படித் தோன்றும் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டார். ஆனால் ஆண்டவரின் கல்லறையைக் காலியாகக் கண்ட மரியாளுக்கும் முதலில் அது தோன்றவில்லையே? எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்றுதானே அழுதாள். அப்படியானால் காலிக் குழி மட்டும் எதையும் நிரூபிக்கவில்லை. இல்லை, எதிர்பார்க்காதவளே நம்பினாள் என்பதுதான் பெரிய சாட்சியோ? எந்தப் பக்கம் போனாலும் யோசனை பாதி வழியில் நின்றது.

ஸ்கூட்டரை வாசலில் விட்டுவிட்டுத் தங்கை ஜென்சி வந்தாள். "குழி ரெடியான்னு பாஸ்டர் கேக்கறார்ணா." குனிந்து பார்த்தாள். "அப்பா எங்க?"

"இல்ல."

தயாளன் மேலேறி வந்து, தள்ளிப் போய் பீடி பற்றவைத்தார்.

"மேடையில காரணம் காரணமா அடுக்குவியே. இப்ப ஒண்ணு சொல்லு."

"விளையாடாத ஜென்சி."

"விளையாடலண்ணா. அம்மா குழியைக் கேக்கல, அப்பாவைக் கேட்டாங்க. பக்கத்துல தோண்டிப் பாக்கலாமா?"

"அது வேற யாரோட அப்பாவோ."

"சரி, உனக்கு என்ன தோணுது? அப்பா இங்கதான் இருக்காரா?"

அவர் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல. நிஜமாவே தெரியல."

ஜென்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப கல்லு இருக்கற இடத்துலயே வை. எனக்கும் தெரியல."

சாயங்காலம் சவப்பெட்டியை அதே குழியில் இறக்கினார்கள். மண்ணுக்கு மண்ணாக, உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கையோடு என்று பாஸ்டர் வாசித்தார். ஆமென் என்றார்கள். முதல் பிடி மண் மூத்த மகனுடையது. தேவானந்தம் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். போடவில்லை. விரல்களால் அதை நொறுக்கி, உள்ளே கடினமாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது.

"போடுண்ணா," என்று ஜென்சி கிசுகிசுத்தாள். "எல்லாரும் பாக்கறாங்க."

"இரு," என்றார். கட்டி இன்னும் பாதி உடையாமல் இருந்தது.