விமானத் திடலின் புல்

சாமியாத்தாள் மாட்டைத்தான் விற்றாள், கயிற்றை விற்கவில்லை. மாடு கைமாறும்போது பழைய கயிறு விற்றவரிடமே நின்றுவிடும், வாங்குபவர் தன் கயிற்றைக் கொண்டுவருவார். வழக்கம் அப்படி. அந்தச் செவலைப் பசுவின் கயிறு, மைசூரில் அவள் குடிசை வாசலில் தொங்கியது. தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

விற்க வைத்தவன் பால் வியாபாரி நஞ்சுண்டசாமி. ஊருக்கு வெளியே இருந்த விமானத் திடலின் புல்லை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். ஹனூரிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் கூட்டாக அதை எடுத்துவந்தார்கள். மழையில் அறுத்து, காயவைத்து, போர் போட்டால் கோடை முழுக்க மாடுகளுக்குத் தீனி. அந்த முறை அவன் ஏலத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். கோடையில் ஒரு கட்டுக்காக வந்து நின்றவளிடம் பல் குத்திக்கொண்டே சொன்னான்:

"புல்லு இல்லைன்னா மாட்டை வித்துடும்மா. அஷ்டே, அவ்வளவுதான்!"

விற்றாள். பிறகு அவனிடமே கூலிக்குப் புல்லறுக்கச் சேர்ந்தாள்.

விமானத் திடலில் புல் வெறும் தீனியல்ல. ஓடுபாதையின் ஓரத்தில் அது கணுக்காலுக்குக் கீழேயே இருக்க வேண்டும். உயர்ந்தால் வெட்டுக்கிளி சேரும். அதைத் தின்னக் கொக்கு வரும். கொக்கு விமானத்தின் விசிறியில் அடிபட்டால் விமானம் தப்பாது. அதனால் ஏலம் எடுத்தவன் புல்லை வளரவிடக்கூடாது என்பது நிபந்தனை. பறவை நிறைந்திருந்தால் திடல் காவலர் கெம்பையன் சிவப்பு வாணம் விடுவார். விமானி இறங்காமல் திரும்பிவிடுவார். இதெல்லாம் சாமியாத்தாளுக்கு அத்துப்படி.

மழை பிடித்ததும் அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏனுங்க சாமி, இப்பவே எதுக்குங்க அறுக்கோணும்? பூ எடுக்கட்டுமுங்க. கட்டு நல்லாக் கனக்கும்."

"கெட்டிக்காரி நீ!" என்றான் நஞ்சுண்டசாமி. அவன் புல்லை எடைபோட்டு விற்பவன்.

புல் முழங்காலைத் தாண்டியது. துணி உலர்த்தியதுபோல் கொக்குகள் இறங்கின. ஒருநாள் காலை அவன் சாமியாத்தாளின் குடிசைக்கு ஓடிவந்தான்.

"எல்லாரையும் அறுக்கக் கூப்பிடு, பேகா, சீக்கிரம்! மத்தியானம் பெங்களூர்லேர்ந்து பெரிய அதிகாரிங்க விமானத்தில வராங்க!"

"யாருமில்லீங்களே. மாரக்காள் மகளுக்குச் சீரு. அல்லாரும் ஹனூருக்குப் போயிட்டாங்க. நானும் கெளம்பீட்டனுங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நேத்துத்தானுங்க முடிவு பண்ணுனம்."

மத்தியானம் விமானம் தாழ வந்தது. கொக்குக் கூட்டம் எழுந்தது. சிவப்பு வாணம் சீறியது. விமானம் ஒரு வட்டமடித்துப் பெங்களூருக்கே திரும்பியது. மாலையும் கையுமாக வந்திருந்த பிரமுகர்கள் வானத்தைப் பார்த்து நின்றார்கள். நிபந்தனையை மீறியதற்காக அந்த வாரமே அவன் ஏலம் ரத்தாகி, புல் பெண்களிடம் திரும்பியது.

அடுத்த கோடையில் நஞ்சுண்டசாமியின் எருமைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவன் வேலியோரம் வந்து நின்றான்.

"சாமியாத்தா, ஒரே ஒரு கட்டு..."

அவள் நிதானமாக அரிவாளைத் துடைத்தாள். "புல்லு இல்லீன்னா எருமைய வித்துப்போடுங்க சாமி. அஷ்டே!"

சந்தையில் எலும்பும் தோலுமான எருமையை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவன் தொழுவத்துக்கு அவளே போனாள். விலை பேசி முடித்ததும் அவன் எருமையின் கழுத்திலிருந்து தன் கயிற்றை அவிழ்த்தான். அவள் இடுப்பில் சுற்றியிருந்த செவலையின் கயிற்றை உருவி எருமையின் கழுத்தில் போட்டாள்.

"உங்க கயித்த நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "வாசல்ல தொங்கவுடுங்க. தெனமும் தொட்டுப் பாத்துக்கலாம்."