பூட்ஸுக்குள் ஒரு காடை

எவாரிஸ்தோவுக்குச் சுவரில் போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றரை மாதமாக, விடிந்ததும் விடியாததுமாக, அப்பெனின் மலைச்சரிவில் ஒரு காடையின் தலையைச் சிறகுக்குள் திணித்து, கிறங்கவைத்து, புல்லுக்குள் ஒளித்துவைக்கிறான். அவன் நாய் பிரீனா அதை மோப்பம் பிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, ஆள் வந்து பறவையைக் கிளப்பும்வரை அசையாமல் நிற்க வேண்டும். செட்டர் சாதி வேட்டை நாய்க்கு அது ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். இவளும் நிற்கத்தான் செய்தாள். ஆனால் காடையைப் பார்த்து அல்ல, எவாரிஸ்தோவின் பூட்ஸைப் பார்த்து.

"கழுதை! மூக்காடி அது, இல்ல மூஞ்சியில ஒட்டின உருளைக்கிழங்கா?" என்று தினமும் கத்தினான். அவள் வாலைக்கூட ஆட்டுவதில்லை. அவ்வளவு ஒழுக்கம்!

நாயைக் கொடுத்த கிழவர் தார்சீசியோ, சொன்ன சொல் மாறாதவர். "எல்லாப் புனிதர் திருநாளுக்குள்ள காடை முன்னாடி நிக்கலேன்னா திரும்ப ஓட்டிட்டுப் போயிடுவேன். வேட்டை நாய் வீட்டுப் பொம்மையா கிடக்கக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். நாளை திருநாள். இன்றே வேனோடு வந்து நின்றார். எவாரிஸ்தோவுக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், பிரீனா இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிழவரே காடையை ஒளித்துவைத்துவிட்டு வந்தார். வாரை அவிழ்த்ததும் பிரீனா நாலு எட்டு ஓடினாள், திரும்பினாள், எவாரிஸ்தோவின் பூட்ஸுக்கு முன்னால் காலைத் தூக்கி நின்றாள்.

"ஆகா, என்ன அழகா நிக்குது!" கிழவர் வேனின் பின்கதவைத் திறந்தார். "ஏத்து."

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவை..."

"ஏத்துய்யா."

வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி நீவெஸ் நிமிர்ந்தாள். "ஏங்க, தெனம் காடைக்கூட்டைக் கூட்டிக் கழுவுறது எந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு?"

எவாரிஸ்தோ குனிந்து பார்த்தான். தையலெல்லாம் காடை எச்சம். இந்த மலையிலேயே பெரிய காடை அவன்தான்.

"இதை இப்பதான் சொல்லுவியா?"

"நீங்க கத்துற கத்துல யாரு பேச்சு எடுபடுது?"

பூட்ஸைக் கழற்றி வேனுக்குள் வீசினான், கதவை அறைந்து சாத்தினான், உறைபனிப் புல்லில் வெறும் காலுறையோடு நின்றான். பிரீனா கதவையே சற்று நேரம் முறைத்தாள். பிறகு காற்று வந்த பக்கம் மூக்கைத் தூக்கினாள். பதுங்கிப் பதுங்கிப் போனவள் ஒரு புதருக்கு முன்னால் சட்டென்று நின்றாள். முன்னங்கால் மேலே ஏறியது.

கிழவர் வேண்டுமென்றே ஆற அமரப் பைப்பில் புகையிலையைத் திணித்துப் பற்றவைத்தார். எவாரிஸ்தோவின் கால்விரல்கள் மரத்துப்போயின. அவள் அசையவில்லை. கிழவர் போய்ப் புதரை உதைத்தார். காடை விர்ரென்று கிளம்பியது. அப்போதும் அவள் அசையவில்லை.

"இதை மொதல்லயே செஞ்சா என்னடி, சனியனே!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

கிழவர் நாயை அவனிடமே விட்டுவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு போனார். வேன் வளைவில் திரும்பிய பிறகுதான் எவாரிஸ்தோவுக்குப் பூட்ஸின் நினைவே வந்தது.

பிரீனா மறக்கவில்லை. நடுச்சாலையில் போய், வேன் மறைந்த திசையைப் பார்த்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.