மாரிச்செல்வியின் முள்

மாரிச்செல்விக்கு மாதாமாதம் உடம்பில் கருவேல முள் முளைக்கும். தீட்டு வருவதற்கு முந்தைய நாளே தொப்புளைச் சுற்றிக் குத்த ஆரம்பிக்கும். அப்புறம் இடுப்பு, தொடை, வலது தோள் என்று கிளம்பி விரல் நீளத்துக்கு வந்துவிடும். மழைக்காலமென்றால் முள்ளோடு இலையும் வரும். பெரிய மனுஷியான வருஷத்திலிருந்தே இப்படித்தான். பரமக்குடிக்குத் தெற்கே, வைகைத் தண்ணீர் எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில் கருவேலம் முளைக்காத இடம் எது? கண்மாய்க்குள் முளைக்கிறது, பள்ளிக்கூடத்துச் சுவரில் முளைக்கிறது, இவள் உடம்பிலும் முளைத்தது. யாரும் கூட்டம் கூடிப் பார்க்கவில்லை.

பொம்பளையாகப் பிறந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று அவளுடைய அம்மா சோலையம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மாதம் தவறாமல் மட்டம் போடுகிறாள் என்று டீச்சர் திட்டினார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை சரியாக அந்த நாட்களில் வந்து விழுந்ததில் படிப்பும் நின்றுபோனது. வீட்டில் சும்மா எதற்கு என்று சோணைமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குக் கொஞ்சம் மிளகாய்க் கொல்லை இருந்தது. மற்ற நாளில் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பான். முள்ளோடு பழகியவன் என்பதால் பொருத்தம் சரிதான் என்று ஊரில் சொன்னார்கள்.

மாமியார் இருளம்மாள் எதையும் வீணாக்காதவள். மருமகள் உடம்பிலிருந்து பிடுங்கிய முள்ளையெல்லாம் சேர்த்து வைத்து மிளகாய்க் கொல்லைக்கு வேலி அடைத்தாள். ஆடு அண்டாத அருமையான வேலி. பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வந்து ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார்கள். முள்ளை ஊரே நம்பியது. வலிக்கிறது என்று அவள் சொன்னதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை. களை எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் வலிக்கிறதோ என்று கேட்டுச் சிரித்தார்கள். நல்லா இருப்பார்கள் அவர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. தோள் டாக்டர் தோளை மட்டும் பார்த்து, சுளுக்கு என்று தைலம் எழுதினார். வெளிக்கு இருக்கும்போது உயிர் போகிறது என்றதற்கு இன்னொருவர் மூலம் என்றார். கால் இழுத்தால் நரம்பு, மூச்சுப் பிடித்தால் வாயு, எழுந்திருக்க முடியாத அசதிக்குச் சத்து டானிக். கடைசியில் ஒருவர், மனசைத் தெம்பாக வைத்துக்கொள்ளம்மா என்று தூக்க மாத்திரை கொடுத்தார். அவரவர் தங்கள் பங்கு முள்ளை நறுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இத்தனை முள்ளுக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

பிள்ளையும் தங்கவில்லை. அவளுக்கோ பிள்ளை ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. தொட்டில் கட்ட உத்தரத்தில் வளையம்கூட மாட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் ஒரு டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வேண்டாம், வலியோடேயே இருந்துகொள்கிறேன் என்று அழுதாள். எத்தனை நாளைக்கு இவளைத் தூக்கிச் சுமப்பது என்று இருளம்மாள் கேட்டாள். சோணைமுத்து கையெழுத்துப் போட்டான். பையை எடுத்தார்கள். வளையத்தை அவளே கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள்.

வருஷம் திரும்புவதற்குள் முள் மறுபடி வந்தது. முன்பாவது இன்ன நாளில் வரும் என்று தெரியும். இப்போது நினைத்த நேரத்துக்கு வந்தது. பையே இல்லாதவளுக்கு என்னடி வலி என்று ஊர் கேட்டது.

யாரோ சொல்லி மதுரையில் கோகிலா என்ற டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்தம்மா தோளையும் வயிற்றையும் காலையும் ஒரே நேரத்தில் பார்த்தார். முதல் முள் எப்போது வந்தது என்று கேட்டார். அப்படி ஒருத்தர் கேட்டதே மாரிச்செல்விக்கு அதுதான் முதல் தடவை, அழுதுகொண்டேதான் வருஷத்தைச் சொன்னாள். இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர், கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான சதை குடல், நரம்பு, மூச்சுக்கு உதவும் தசை என்று கண்ட இடத்திலும் பற்றி வளரும், உடம்பு முழுக்க ஒரே நோய்தான் என்று விளக்கினார். பையை மட்டும் எடுத்தால் மற்ற இடத்தில் இருப்பது எப்படிப் போகும் என்றும் கேட்டார். சோணைமுத்து மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்தான்.

திரும்பி வரும் பஸ் மானாமதுரையைத் தாண்டியது. ரோட்டோரம் யாரோ கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வெட்டும்போது தூரை விட்டுட்டுத்தான வெட்டுறீக. எதுக்கு?"

"அப்பத்தான அடுத்த வருசம் தழையும். வேரு கெடக்குறவரைக்கும் அது சாகாது புள்ள."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆத்தாவும் பைய எடுக்கச் சொல்லுச்சு, டாக்டரும் சொன்னாரு. படிச்சவுகள எதுத்து நான் என்னத்தச் சொல்ல."

அவள் அதற்குமேல் அவனை எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை. சோறு போடுகிறாள், கொல்லைக்குப் போகிறாள், அவனிடம் கேள்வி மட்டும் கிடையாது.

மதுரையிலேயே இன்னொரு ஆபரேஷன் செய்து, குடலில் ஒட்டியிருந்ததையும் மற்றதையும் முடிந்தவரை எடுத்தார்கள். மாத்திரை நடக்கிறது. இப்போது முள் எப்போதாவதுதான். வேலி இளைத்துப்போனதாக இருளம்மாள் குறைபட்டுக்கொள்கிறாள். போன ஆடியில் வலது தோளில் ஒன்று வந்தது. பிடுங்க வந்த சோணைமுத்துவிடம், இருக்கட்டும், கையை எடுங்க என்று சொல்லிவிட்டாள். அது கிளைத்து, இலை விட்டு, மஞ்சளாகப் பூவும் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் அவன் படுக்க முடியாது. பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஜுனைதா, அவள் ரவிக்கைக்கு வலது தோளில் கேட்காமலேயே ஒரு ஓட்டை விட்டுத் தைத்து, ஓரம் அடித்துக் கொடுக்கிறாள்.