பள்ளத்தாக்கு வழி

சவப்பெட்டியை வண்டிக்குள் தள்ளியவர்கள் கையை எடுக்கும் முன்பே கட்சுஜி சண்டையைத் தொடங்கிவிட்டார்.

"நெடுஞ்சாலையில போனா அரை மணி நேரம். மலைச்சாலையில இன்னிக்கு செவந்த இலை பாக்க டோக்கியோ காரெல்லாம் வந்து நிக்கும். ஒரு மணிக்குச் சுடுகாட்டு அடுப்பு நமக்கு. தவறினா அடுத்தவனுக்குக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

"தெரியும் பெரியத்தான்," என்றாள் நோபுயோ. "மலை வழியாவே போகலாம்."

"திரும்பி வரும்போது அப்படி வருவோம்னுதானே சொல்றேன். எலும்பை மடியில வெச்சுக்கிட்டு நிதானமா பாத்துக்கிட்டு வா. யாரு வேணாங்கறா?"

"சாம்பலுக்குக் கண்ணு ஏது?"

"பொணத்துக்கு மட்டும் இருக்கா?"

வாசலில் கறுப்பு உடையில் நின்ற அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் காலணிமேல் அக்கறை வந்துவிட்டது. கட்சுஜிக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சொந்தக்காரர்கள் ஏறும் சிற்றுந்தில் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஆப்பிள் பறிக்கும் காலத்தில் தம்பி செத்திருக்கிறான். வியாழக்கிழமை இறந்தவனைச் சனிக்கிழமை எரித்திருந்தால் ஞாயிறு தோட்டத்துக்குப் போயிருக்கலாம். சனிக்கிழமை பார்த்து 'நண்பனை இழுக்கும் நாள்' வந்து தொலைத்தது. அன்று எரித்தால் செத்தவன் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று ஊரில் ஒருவரும் எரிப்பதில்லை, சுடுகாடும் பூட்டிக் கிடக்கும். அதனால் தம்பி ஷிகேமி உலர்பனிக்கட்டிகளோடு இன்னொரு நாள் வீட்டில் கிடந்தார். சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கட்சுஜியின் மனசு மரத்தில் தொங்கும் பழங்களிடம்தான் இருந்தது.

நோபுயோ கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர்தியின் முன்னிருக்கையில் ஏறினாள். ஓட்டுநர் நடுவயதுப் பெண், வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். வழக்கப்படி ஹாரனை நீளமாக அழுத்தினாள். வாசலில் நின்றவர்கள் கைகூப்பித் தலை குனிந்தார்கள்.

"எந்த வழிம்மா?" என்று கேட்டாள்.

"பள்ளத்தாக்கு வழி."

"நான் தெற்கேருந்து வந்தவ, இந்த வசந்தத்துலதான் இங்க வேலைக்குச் சேந்தேன். அந்தச் சாலை எனக்குப் பழக்கமில்லை."

"நான் சொல்றேன். எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும்."

தெரியும் என்றால், காதால் தெரியும். ஷிகேமி அந்தச் சாலையில் முப்பது வருடத்துக்கும் மேல் பேருந்து ஓட்டினார். ஊர் ஊராக ஆட்கள் வந்து மேப்பிள் இலைகள் சிவப்பதையும் பீச் இலைகள் பொன்னாவதையும் பார்த்துவிட்டுப் போனார்கள், கூட்டிக்கொண்டு போனவர் மட்டும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், இதில் இலையை எங்கே பார்ப்பது? முதுகுக்குப் பின்னால் பயணிகள் போடும் 'ஆஹா'வை வைத்துத்தான் அவருக்கு இலையுதிர் காலம். மாலையில் வந்து சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதே செய்தி வாசிப்பார்.

"இன்னிக்கு அருவிக்கிட்ட ரெண்டு மூணு சின்ன ஆஹாதான். பாலத்துக்கிட்ட பெரிய ஆஹா. ஒரு கிழவி அழுதே போட்டா. நல்லா செவந்திருக்கும் போல."

"நீங்களும் ஒருநாள் போய்ப் பாக்கக் கூடாதா?"

"எங்க போயிடப் போகுது?"

ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அது அந்த ஊர்க்காரர்களுக்கே உள்ள வியாதி. வெளியூர்க்காரன் விடுமுறை கிடைத்த நாளில் வந்து, இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து போவான். உள்ளூர்க்காரனுக்கு உச்ச நாளேதான் வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், பாலத்துக்கு மேல பச்சை இருக்கு" என்று ஷிகேமி தள்ளிக்கொண்டே வருவார், ஒரு ராத்திரி மழையில் எல்லாம் கொட்டிவிடும். அடுத்த வருடம் என்பார். இந்த வருடம் கோடை நீண்டு இலைகள் தாமதித்தன. கணையத்தில் வந்த நோய் தாமதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சம் என்று வானொலியில் சொன்னார்கள். மருத்துவமனைச் சக்கர நாற்காலியில் அவரைக் கூட்டிப்போக நோபுயோ கையைக் காலைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டாள். புதன்கிழமையே போய்விடலாமா என்றதற்கு, "அவசரப்படாதே, பச்சை இருக்கும்" என்றார் மனிதர். அவளுக்கு இப்போது நினைத்தாலும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அருவியைத் தாண்டியதும் கார்கள் நின்றுவிட்டன. கட்சுஜி சொன்னது அப்படியே பலித்தது. பாலத்துக்கு அப்பால் பழைய சுரங்கப்பாதை, ஒரு வண்டி அகலம்தான். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி விட வேண்டும். இன்று யாரும் யாருக்கும் விடுவதாக இல்லை.

கைபேசி அடித்தது. பின்னால் வரும் சிற்றுந்திலிருந்து கட்சுஜி.

"ஏன் நிக்குது?"

"கூட்டம் பெரியத்தான்."

"நான் என்ன சொன்னேன்? நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க."

"ஒரு மணிக்குள்ள போகலைன்னா அவனைத் திரும்ப வீட்டுக்கா தூக்கிட்டுப் போவ?"

நோபுயோ கைபேசியை வைத்துவிட்டாள். நாளை கோயிலில் சடங்கு. எலும்பு இல்லாமல் சடங்கு ஏது? தன் பிடிவாதத்தால் அவரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று முதல் முறையாகப் பயம் வந்தது. வண்டி பாலத்தின்மேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஏறி, சரியாக நடுவில் நின்றுவிட்டது.

"கண்ணாடியை இறக்கலாமா?" என்று கேட்டாள்.

ஓட்டுநர் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினாள். குளிர் உள்ளே வந்தது. கூடவே சத்தமும் வந்தது. பொறுமை இழந்து காரிலிருந்து இறங்கியவர்கள் பாலத்தின் கைப்பிடி ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். இது சவ ஊர்தி என்று அவர்களுக்குத் தெரியவில்லை; இந்தக் காலத்தில் அதுவும் ஒரு கறுப்பு வேன்தானே. யாரோ ஒரு பெண் கூவினாள். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி ஒருவன் "பாருடா, பாரு" என்றான். கீழே ஆற்றுக்கு இருபுறமும் மலை அடிவாரத்திலிருந்து முகடு வரை சிவந்து கிடந்தது, ஒரு இடத்திலும் பச்சை இல்லை. வெயில் அந்த நேரம் பார்த்து மேகத்தை விட்டு வெளியே வந்தது.

"ஆஹா!" என்றாள் ஓட்டுநர்.

சொன்னவள் சட்டென்று கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கம்மா. இந்த நேரத்துல... தெரியாம..."

நோபுயோ பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் படுத்திருப்பவருக்குக் கண் எதற்கு, எந்தக் காலத்தில் அவர் கண்ணால் பார்த்தார்?

"இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றாள். "கொஞ்சம் சத்தமா. அவருக்குக் கேக்கணும்."

ஓட்டுநர் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் பின்புறத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள். அப்போதுதான் நோபுயோவுக்கு அழுகை வந்தது, மூன்று நாளாக வராத அழுகை.

எதிரே ஊர்ந்து வந்த பேருந்து பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் நரிதா, ஷிகேமியிடம் தொழில் பழகியவர், ஜன்னல் வழியே படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணி! அண்ணன் இதுலயா இருக்காரு?"

"இதுலதான். ஒரு மணிக்குள்ள போகணும் நரிதா. உன் அண்ணன் செத்தும் கூட்டத்துல மாட்டிக்கிட்டாரு."

நரிதா பேருந்தின் வயர்லெஸ்ஸை எடுத்தார். "மேலே வர்றது யாரு? ஒனோவா? சுரங்கத்து வாயில உன் பக்கத்துல வண்டியைப் போட்டு மறிச்சுடு. ஒருத்தனையும் எறங்க விடாதே. நம்ம ஷிகேமி அண்ணன் வர்றாரு."

பேருந்துக்குள் அத்தனை பேரும் கீழே இந்த வண்டியைப் பார்த்தார்கள். சில கைகளில் கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மறைந்தன. சவ ஊர்தியைப் பார்க்கும்போது கட்டைவிரலை மறைக்காவிட்டால் பெற்றோருக்கு ஆகாது என்பார்கள்; அப்பா அம்மா உயிரோடு இருப்பவர்கள் போலும். முன்னால் கார்கள் அசையத் தொடங்கின. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒனோவின் பேருந்து இறங்கும் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது, பின்னால் திட்டிக்கொண்டிருந்த கார்களைச் சட்டையே செய்யாமல் அவர் தலை குனிந்து நின்றார்.

சுடுகாட்டு ஊழியர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "இப்பதான் உங்களைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அடுப்பு எரிந்த நேரமெல்லாம் கட்சுஜி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எலும்பெடுத்து முடித்துத் திரும்பும்போது நோபுயோ வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியோடு சிற்றுந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பாலம்," என்றார் கட்சுஜி. "அது எப்பவும் அப்படித்தான் இருக்குமா?"

"தெரியலை பெரியத்தான். நானும் இன்னிக்குத்தான் பாத்தேன்."

"எழுபத்தெட்டு வயசாச்சு எனக்கு. இந்த மாசம் வந்தா ஏணியில ஏறி நின்னுருவேன்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

சிற்றுந்து வெளிவாசலுக்கு வந்து நெடுஞ்சாலைப் பக்கம் விளக்கைப் போட்டது. கட்சுஜி முன்னால் எட்டி ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"இடப்பக்கம் திருப்புப்பா. வந்த வழியாவே போ."

ஓட்டுநர் திகைத்துப் போனார். "ஐயா, சுடுகாட்டுலேருந்து வந்த வழியா திரும்பக் கூடாதுங்களே. செத்தவரு வழி கண்டுபிடிச்சுப் பின்னாலேயே வீட்டுக்கு வந்துடுவாருன்னு..."

"வரட்டுமே," என்றார் கட்சுஜி.

ஓட்டுநர் நோபுயோவைப் பார்த்தார். அவள் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் விளக்கை அணைத்து, மறுபக்க விளக்கைப் போட்டு, மலைப் பக்கம் திருப்பினார்.