கடைசிக் குழி

தூரத்தில் வானம் ஒருமுறை உறுமியதும் தலைவர் டீயைச் சிந்திவிட்டார். போட்டி அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் பரிசுக் கோப்பையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் படத்தில் நன்றாக விழும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். தலைவரின் கண் சுவருக்குப் போனது. அங்கே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் மைதானம் முழுக்கச் சைரன் அலறும், ஆடுகிறவர்கள் பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். அதை அழுத்தும் அதிகாரம் கோல்ஃப் சங்கத் தலைவருக்கு மட்டும்தான்.

அந்தப் பதவி அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. இதே கிளப்பில் பாதி ஆயுள் பயிற்சியாளராக நின்று, மட்டை வீசக் கற்க வந்த பெரிய மனிதர்களின் தொப்பையையெல்லாம் பொறுமையாகத் திருப்பிவிட்டு வாங்கிய பெயர். போன வருடம் ஒரு கறுப்பு மேகத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். ஒரு சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து அவருக்கு 'வானிலை அறிக்கை' என்று பட்டப்பெயர்.

"என்ன சார், இன்னைக்கும் அறிக்கை உண்டா?" என்றார் செயலாளர்.

"சத்தம் கேட்டுச்சுய்யா."

"கடைசி ஜோடி கடைசிக் குழிக்கு வந்தாச்சு. உங்க பொண்ணு ஒரே ஒரு ஷாட்தான் முன்னாடி, எதிர்ல ஆடுறவ விடாம துரத்திட்டு வர்றா. இப்பப் போய் நிறுத்தினா, பொண்ணைக் காப்பாத்தத்தான் நிறுத்தினார்னு ஊரே பேசும்."

அது சரிதான் என்று பட்டது. கையை இறக்கிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அடுத்த இடி ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. யாரையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார்.

சைரன் அலறியது. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தார். எதிர்த்து ஆடியவள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். வேடிக்கை பார்த்தவர்களும் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். மேட்டின் மேல், குழியைச் சுற்றிய வழவழப்பான புல்லில், மகள் மட்டும் குனிந்து நின்றாள். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அவளுக்கு அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சின்ன வயதில் அவள் பந்தைத் தட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தட்டைத் தட்டுவார், ஹாரன் அடிப்பார், பதிவு செய்த சைரனைக்கூட அலற விடுவார். அவள் நிமிர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'உலகமே கத்தட்டும், பந்து உள்ள விழற வரைக்கும் உனக்குக் காது கிடையாது' என்பார். அந்த வித்தையைப் பார்த்துத்தான் மற்ற கிளப்புகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் விட்டார்கள்.

"பாப்பா! விட்டுட்டு வாம்மா!"

அவள் அசையவில்லை.

"சார், நீங்க போகாதீங்க சார்!" செயலாளரின் குரலில் கேலி இல்லை. தலைவர் அதற்குள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். முழங்கால் விண்ணென்று தெறித்தது. மேட்டில் பாதி ஏறியபோது முன்கையெல்லாம் எறும்பு ஊர்வது போலக் கூச்செறிந்தது. மின்னல் இறங்கப்போகிற இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று வருடா வருடம் வகுப்பெடுக்கிறவர் அவர்தான்.

"அப்பா சொல்றேன், நிமிருடீ!"

காற்று சுத்தமாக நின்றிருந்தது. குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, அவள் மட்டையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். பின்னலிலிருந்து பிரிந்த முடிகள் ஒவ்வொன்றாக வானத்தைப் பார்த்து எழுந்து நின்றன.